எடைக்குப் போடும் முன்: பழைய லேப்டாப்பும் லேசான லினக்ஸும்

பள்ளிக்கூடம் திறந்த சமயம். எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் பெண் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே லேப்டாப். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. பல வருடம் பரணில் கிடந்ததில் மூடியில் தூசி மெழுகு போல ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்த பிறகுதான் அரசு முத்திரை தெரிந்தது. "அண்ணா, ஆன் பண்ணா கால் மணி நேரம் சுத்திக்கிட்டே இருக்கு. எடைக்குப் போட்டுடலாம்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு மனசு வரல. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தட்டச்சு செய்ய வேண்டும், பாட வீடியோ காட்ட வேண்டும், இணையத்தில் ஏதாவது தேட வேண்டும். இந்த மூன்றுக்கும் அந்த மெஷின் போதும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஏன் போதும், அப்படியிருந்தும் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து போடும்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அன்று அவருக்கு விளக்கியதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன்பின் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய 50 லட்சம் லேப்டாப்புகள் மாணவர் கைக்குப் போயின. முதல் சுற்றில் வந்தவை பெரும்பாலும் 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க் கொண்டவை. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. ஆக, இந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் புதிதில்லை. பிறக்கும்போதே கூட வந்தது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், பல வீடுகளில் முதல் தடவை 'ஃபார்மட்' அடித்தபோதே அது அழிந்துபோனது. எனக்கு இதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. கையில் கொடுத்த இரண்டு சாவியில் ஒன்றை எதற்கென்று தெரியாமலே தொலைத்துவிட்டோம்.

சுமை ஏறிய கதை

மெஷின் மெதுவாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். பிராசஸருக்கு மூப்பு வந்து வேகம் குறைவதில்லை. காற்றாடியில் தூசி அடைத்துச் சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து, புது தெர்மல் பேஸ்ட் தடவினால் பழையபடி ஓடும். சுமைதான் ஏறியிருக்கிறது. அந்தச் சுமை உட்காரும் இடங்கள் இரண்டு: ரேம், ஹார்டு டிஸ்க்.

பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் பத்து டப்பாதான் வைக்க முடியும். மீதி எல்லாம் பின்கட்டுக் கிடங்கில். பத்துக்குள் அடங்கும் சாமான் கேட்கும்வரை வியாபாரம் ஓடும். பதினோராவது கேட்டதும், ஒரு டப்பாவை எடுத்துக் கிடங்கில் வைத்துவிட்டு, கேட்டதைக் கொண்டுவர வேண்டும். கையருகே இருப்பது ரேம். கிடங்கு ஹார்டு டிஸ்க். இந்த மாற்றி வைக்கும் வேலைக்குத்தான் 'ஸ்வாப்' என்று பெயர்.

கிடங்குக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்? லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். விநாடிக்கு 90. ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லி விநாடி. நாம் கேட்கும் இடம் ஊசிக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு ஊசி சரியான வட்டத்துக்கு நகர இன்னும் 12 மில்லி விநாடி அளவில் ஆகும். கூட்டிப் பார்த்தால் ஒரு தடவைக்கு 17, 18 மில்லி விநாடி. தட்டில் அங்கங்கே சிதறிக் கிடப்பதைத் தேடி எடுக்க வேண்டுமென்றால் விநாடிக்கு 60 தடவைக்கு மேல் போய்வர முடியாது. ரேமை இயங்குதளம் 'பக்கம்' என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பக்கம் 4 கேபி. மோசமான நிலையில், விநாடிக்கு 240 கேபிதான் நகர்கிறது என்று அர்த்தம். நூறு எம்பியை இப்படி மாற்றி வைக்க ஏழு நிமிடம் ஆகிவிடும். மவுஸ் உறைந்து, டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்து, 'கிர்ர் கிர்ர்' என்று உள்ளே சத்தம் கேட்கிறதே, அது இந்தப் போய்வருகைதான். நிஜத்தில் இயங்குதளம் பக்கத்துப் பக்கமாகச் சேர்த்து எடுத்து இதைக் கொஞ்சம் சமாளிக்கும். ஆனாலும் அளவு இதுதான்.

பத்து டப்பாவுக்குள் முன்பு அடங்கிய வியாபாரம் இப்போது ஏன் அடங்கவில்லை? பெரும்பங்கு பிரவுசருடையது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் குறைபாடுகள் வெளியே வந்தன. அவற்றை அடைக்கப் போட்ட மென்பொருள் தடுப்புகள் பழைய பிராசஸர்களைத்தான் அதிகம் பாதித்தன. அதே ஆண்டில் குரோம், ஒவ்வொரு இணையதளத்தையும் தனித்தனி அறையில் அடைத்து வைக்கும் முறையை எல்லோருக்கும் நடைமுறைப்படுத்தியது. அதற்கு 10 முதல் 13 சதவீதம் வரை கூடுதல் நினைவகம் பிடிக்கும் என்று கூகுளே சொன்னது. பாதுகாப்புக்காகச் செய்த நியாயமான வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 2 ஜிபி வைத்திருப்பவருக்கு அந்தப் 10 சதவீதம்தான் பதினோராவது டப்பா.

இன்னொரு பக்கம் காலக்கெடு. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14இல் நின்றது. அதில் ஓடும் கடைசி குரோம், பதிப்பு 109. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய 2018க்குப் பிந்தைய பிராசஸரும் கேட்கிறது. நாம் பேசும் லேப்டாப் அந்த வாசலை எட்டவே முடியாது. வங்கிக் கணக்கு, மின்கட்டணம் எல்லாம் பிரவுசரில் நடக்கும் காலத்தில், புதுப்பிப்பு வராத இயங்குதளத்தில் இணையத்துக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லேசு என்றால் எது லேசு

லினக்ஸ் என்று சொன்னதும் எல்லாம் லேசு என்று நம்பிவிட வேண்டாம். லினக்ஸை ஒவ்வொரு குழுவும் தன் பாணியில் கட்டித் தருவதற்கு 'வினியோகம்' என்று பெயர். மையமான கர்னல் எல்லா வினியோகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கனம் வேறுபடுவது அதன்மேல் உட்காரும் டெஸ்க்டாப்பில், அதாவது திரையில் நாம் பார்க்கும் ஜன்னல், மெனு எல்லாம் சேர்ந்த பகுதியில். க்னோம் டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போதே ஒரு ஜிபி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ அதில் பாதி, பாதிக்குச் சற்று மேல். எல்எக்ஸ்கியூடி அதைவிடக் குறைவு. ஐஸ்டபிள்யூஎம் போன்ற வெறும் ஜன்னல் மேலாளரோடு வரும் ஆன்டிஎக்ஸ் என்ற வினியோகம், 200 எம்பி அளவில் நிற்கும். பப்பி லினக்ஸ் இன்னும் ஒரு படி போய், தன்னை முழுதாக ரேமுக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு ஓடும். டிஸ்க்கே இல்லாத மெஷினிலும் அதனால் வேலை செய்ய முடியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டெஸ்க்டாப்பில் 200 எம்பி மிச்சம் பிடித்தாலும், கனமான ஒரு இணையப் பக்கத்தைத் திறந்ததும் அது போய்விடும். அதனால் 2 ஜிபி உள்ளவர்கள் மிகமிகச் சிறிய வினியோகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. வீட்டில் மற்றவர்களும் தொடுவார்கள். வைஃபை, பிரிண்டர், ஒலியளவு எல்லாம் பழகிய இடத்தில் இருக்க வேண்டும். 1 ஜிபி அல்லது அதற்குக் கீழே என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி. 2 ஜிபிக்கு டெபியனில் எல்எக்ஸ்கியூடி. 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தாராளமாகப் போடலாம்.

உபுண்டுவின் லேசான பதிப்பான லுபுண்டுவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நல்ல வினியோகம்தான். ஆனால் உபுண்டு குடும்பத்தில் ஃபயர்பாக்ஸ் 'ஸ்னாப்' பொட்டலமாக வருகிறது. சுருக்கிக் கட்டிய பொட்டலத்தைத் திறந்து திறந்து படிக்க வேண்டியிருப்பதால், சுழலும் டிஸ்க்கில் முதல் தடவை திறக்க நெடுநேரம் எடுக்கும். டெபியன் அதே ஃபயர்பாக்ஸின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பைச் சாதாரணப் பொட்டலமாகத் தருகிறது. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி டிரைவ் போட்டவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

32 பிட்டா, 64 பிட்டா என்ற குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அந்தக் கால விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தது. அது 32 பிட்டில் மட்டுமே வந்த பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தவும் விடாது, டெஸ்க்டாப் படத்தை மாற்றவும் விடாது. அதில் 'சிஸ்டம்' பக்கத்தைத் திறந்தால் 32 பிட் என்றுதான் காட்டும். பார்த்தவர்கள் மெஷினே 32 பிட் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கே எழுதியிருப்பது இயங்குதளத்தைப் பற்றி. உள்ளே இருக்கும் பென்டியம் பிராசஸர் பெரும்பாலும் 64 பிட்தான். இது இன்று முக்கியம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் மெஷினில் புதிதாக நிறுவும் வழியை மூடிவிட்டது. குரோம் 2016லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸும் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. சந்தேகம் இருந்தால் 64 பிட் பென்டிரைவையே சொருகிப் பாருங்கள். பிராசஸர் ஒத்துக்கொள்ளாவிட்டால், 64 பிட் தேவை என்று திரையில் ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடும். எதுவும் கெட்டுப்போகாது. அப்போது ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்புக்குப் போகலாம்.

பென்டிரைவுக்குள் என்ன நடக்கிறது

முழு லினக்ஸும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, சினிமாப் படம் போல பென்டிரைவில் காப்பி பண்ணிக்கொண்டு வந்து, "பூட் ஆகவில்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறு அவர்களுடையது இல்லை. யாரும் காரணம் சொல்லிக்கொடுக்கவில்லை.

மெஷினை ஆன் செய்ததும் ஓடுவது, மதர்போர்டு சில்லில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல். அதற்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் தெரியாது. டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்துப் பார்க்கும். கடைசி இரண்டு பைட்டில் குறிப்பிட்ட ஒரு அடையாளம் இருந்தால், இது துவக்கத்தக்க டிரைவ் என்று நம்பி, அந்த 512 பைட்டில் உள்ள குட்டி நிரலிடம் வேலையை ஒப்படைத்துவிடும். அந்தக் குட்டி, அடுத்த பெரிய நிரலைக் கூப்பிடும். அது கர்னலைக் கூப்பிடும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அதாவது 2012 கடைசியிலிருந்து, பரவலான யுஇஎஃப்ஐ, பயாஸின் வாரிசு; கொஞ்சம் படித்தது. அது ஃபேட் முறையில் வடிவமைத்த பகுதியைத் திறந்து, குறிப்பிட்ட ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயரில் துவக்கக் கோப்பு இருக்கிறதா என்று தேடும். இரண்டுக்கும் பதில் சொல்லும்படி இன்றைய லினக்ஸ் ஐஎஸ்ஓக்களைக் கட்டுகிறார்கள். அதன் ஒவ்வொரு பைட்டும் டிரைவின் முதல் பைட்டிலிருந்து வரிசையாக இறங்க வேண்டும். கோப்பாகக் காப்பி செய்தால் அந்த முதல் 512 பைட்டில் எதுவும் எழுதப்படாது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற மென்பொருள்கள் செய்வது இந்த நேரடி எழுத்து வேலையைத்தான். ரூஃபஸ் இரண்டு முறையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், டெபியனுக்கு 'டிடி இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எழுதும் முன் ஒரு சோதனை. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் மூன்று ஜிபி இறக்கும்போது, நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கலாம். இறக்கிய பக்கத்திலேயே ஷா256 என்று ஒரு நீண்ட எண் கொடுத்திருப்பார்கள். ரூஃபஸில் கோப்பைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தினால் நம் கோப்புக்கான எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. இதைத் தவறவிட்டு, நிறுவல் பாதியில் நின்று, மெஷின்மேல் பழி போட்டவர்கள் உண்டு.

8 ஜிபி பென்டிரைவ் போதும். உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். எழுதி முடித்து விண்டோஸ் மெஷினில் மறுபடி சொருகினால், 'ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்கும். விண்டோஸுக்கு அந்த வடிவம் புரியாததால் வரும் கேள்வி அது. வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

துவக்கும்போது எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லெனோவா, டெல், ஏசரில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசஸில் எஸ்கேப். ஏசரில் பல மாடல்களில் பயாஸுக்குள் போய், எஃப்12 பூட் மெனு என்பதை முதலில் இயக்க வேண்டும். பவர் பொத்தானை அழுத்திய கையோடு, அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

லைவ் முறையில் துவங்கினால் முழு டெஸ்க்டாப்பும் பென்டிரைவிலிருந்தும் ரேமிலிருந்தும் ஓடும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. இதுதான் இந்த முறையின் மிகப் பெரிய கொடை என்று நினைக்கிறேன். வீடு வாங்கும் முன் ஒரு நாள் தங்கிப் பார்ப்பதற்கு யாராவது சம்மதிப்பார்களா? இங்கே சம்மதம் உண்டு. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து எடை போட வேண்டாம்.

வைஃபைதான் முன்பு பெரிய தலைவலி. பல வைஃபை சில்லுகளுக்கு, அவற்றை இயக்க உற்பத்தியாளர் தரும் மூடிய நிரலான ஃபர்ம்வேர் தேவை. கட்டற்ற மென்பொருள் கொள்கைப்படி டெபியன் அதைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. இணையம் இருந்தால்தான் ஃபர்ம்வேர் இறக்க முடியும், ஃபர்ம்வேர் இருந்தால்தான் இணையம் கிடைக்கும் என்ற நிலை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் பெரும்பாலான சில்லுகள் முதல் துவக்கத்திலேயே வேலை செய்கின்றன. சில பிராட்காம் சில்லுகள் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கும். அப்போது ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்' போட்டு இணையம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் டியூஷன் டீச்சரின் லேப்டாப்பில் வைஃபை உடனே பிடித்தது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும், 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கை. ஒருவேளை டிரைவர் பிரச்சினையோ என்று நானும் கால் மணி நேரம் தடுமாறினேன். தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தேதி 2011 ஜனவரி 1. பரணில் கிடந்த வருடங்களில், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய், கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிவிட்டது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2011இல் நின்று பார்த்தால், இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் தொடங்கவே இல்லை. தேதியைச் சரிசெய்ததும் எல்லாத் தளமும் திறந்தன. சிஆர்2032 பேட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில லேப்டாப்புகளில் அது ஒயரோடு உறையிட்டு வரும், பார்த்து வாங்க வேண்டும். நெடுநாள் தூங்கிய மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது தேதிதான் என்று அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

டிஸ்க்கில் இறக்குவது

நிறுவல் என்பது திரையில் ஆறேழு கேள்விக்குப் பதில் சொல்வதுதான். அதற்கு முந்தைய வேலைதான் பொறுப்பானது. லைவ் முறையில் இருக்கும்போதே ஃபைல் மேனேஜரில் பழைய விண்டோஸ் பகுதியைத் திறந்து, வேண்டியதை இன்னொரு பென்டிரைவுக்கு எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் சரியாக மூடப்படாமல் உறக்கத்தில் இருந்தால், அந்தப் பகுதி படிக்க மட்டும் திறக்கும். எடுத்து வைக்க அதுவே போதும். நாங்கள் திறந்தபோது, பிளஸ் டூ பிரிவு உபசார விழாப் படங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தன. இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. படங்களைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது; நானும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்து, விண்டோஸை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்ற கேள்வி. வைத்துக்கொள்ள நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறைப் பகுதி அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்குத்தான் இடம். விண்டோஸ் துவக்கப் பகுதி, சி டிரைவ், டி டிரைவ், கம்பெனி கொடுத்த ரெக்கவரி என்று நான்கும் நிரம்பியிருந்தால், காலி இடம் 100 ஜிபி இருந்தாலும் லினக்ஸுக்குப் புதுப் பகுதி உருவாக்க முடியாது. ஒன்றை நீக்கி, தனக்குள் பல பகுதிகளை வைத்துக்கொள்ளும் நீட்டிப்புப் பகுதியாக மாற்ற வேண்டும். ஆதரவு முடிந்த விண்டோஸுக்காக இவ்வளவு சுற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். டேலி போல விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவைப்படுபவருக்கு அது நியாயமான காரணம். டீச்சருக்கு அப்படி எதுவும் இல்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டோம்ல? அப்ப அழிச்சிடுங்கண்ணா" என்றார். முழு டிஸ்க்கையும் கொடுத்துவிட்டோம்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மறுதுவக்கம் செய்தபோது, ஒரு நிமிடம் சொச்சத்தில் கடவுச்சொல் கேட்டு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால், 450 எம்பி அளவில் ரேம் பயன்பாடு.

அதோடு விட்டுவிடக் கூடாது. கிடங்குக்குப் போகும் நடையைக் குறைக்க, 'இசட்ரேம்' என்று ஒரு வசதி கர்னலிலேயே இருக்கிறது. ரேமின் ஒரு பகுதியை ஒதுக்கி, அதிகம் தொடாத பக்கங்களைச் சுருக்கி அங்கேயே அடுக்கி வைக்கும். பெரும்பாலும் பாதிக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். சுருக்கவும் விரிக்கவும் பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும். டிஸ்க்குக்குப் போய்வரும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொட்டலத்தை நிறுவினால் போதும். 2 ஜிபி மெஷினில் இதைவிடப் பலன் தரும் இலவச வேலை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஃபயர்பாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்த்தோம். விளம்பரம் வராமல் இருப்பது ஒரு பக்கம். அந்த விளம்பரங்களுக்கான நிரல்கள் ரேமில் ஏறாமல் இருப்பதுதான் எங்களுக்கு வேண்டியது. வீடியோவுக்கு இன்னொரு வழி. யூடியூப் இன்று பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. 2011, 2012 மெஷின்களின் கிராஃபிக்ஸ் சில்லுக்கு அவை தெரியாது. அதற்குத் தெரிந்தது எச்.264. தெரியாத வடிவம் வந்தால் முழுப் பாரமும் பிராசஸர் தலையில் விழும், காற்றாடி அலறும். எச்264ஃபை என்ற நீட்சியைப் போட்டால் பழைய வடிவத்திலேயே கேட்டு வாங்கும். 480 வரி அளவில் வைத்துக்கொண்டால் பாட வீடியோ தடங்காமல் ஓடுகிறது.

கேள்வித்தாளுக்குத் தமிழ் வேண்டுமே. பிற மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், அதோடு எம்17என் பொட்டலம். அதில் தமிழ்99 தயாராக இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. உயிர் எழுத்து இடது கையில், மெய் வலது கையில். டீச்சர் இதுவரை ஆங்கிலத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் பழகியவர். அந்த முறையும் அதிலேயே இருக்கிறது. பழைய கேள்வித்தாள்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்ததால், முதலில் திறந்தபோது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. பழைய விண்டோஸிலிருந்து எடுத்து வைத்த எழுத்துருக் கோப்பை லினக்ஸின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டதும், லிப்ரே ஆபிஸில் தமிழ் அப்படியே வந்தது. அழிக்கும் முன் எழுத்துருக்களையும் காப்பி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிரிண்டர் விஷயத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சொருகியதும் ஓடும். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் பார்க்கும் கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தன் சொந்த மொழியில் பேசுவது. அதை லினக்ஸில் பழக்கப் பொறுமை வேண்டும். டீச்சர் பிடிஎஃப் ஆக்கி, ஃபோனில் கடைக்கு அனுப்பிவிடுகிறார்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேம் என்பது என் வரிசை. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். விநாடிக்கு 60 தடவை போய்வந்த இடத்தில், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் போய்வரும். பழைய லேப்டாப்பின் இரண்டரை அங்குல இடத்தில் அப்படியே பொருந்தும். 120 ஜிபியே இந்த வேலைக்குத் தாராளம். ரேம் வாங்கும்போது டிடிஆர்3யா, டிடிஆர்3எல்லா என்று பார்க்க வேண்டும். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. குறைந்த வோல்ட் மட்டும் ஏற்கும் மெஷினில் முன்னது வேலை செய்யாது. இருக்கும் ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போனால், சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் சர்வீஸ் கடையிலோ அதற்கு ஜோடி தேடித் தருவார்கள். பழையதே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

டீச்சர் எஸ்எஸ்டி இன்னும் போடவில்லை. தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். பேட்டரி செத்துவிட்டதால், லேப்டாப் எப்போதும் சார்ஜர் மாட்டியபடி டியூஷன் அறை அலமாரியில் நிற்கிறது. பக்கத்திலேயே, நிறுவிய அந்தப் பென்டிரைவை ஒரு கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். கரண்ட் போய் மெஷின் பாதியில் அணைந்து, அடுத்த நாள் துவங்காமல் போனால், அதைச் சொருகி எஃப்12 தட்டினால் போதும். டிஸ்க்கில் உள்ள கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே அன்றைய வகுப்பையும் நடத்திவிடலாம்.